பெட்ரோல் பங்க்கில் ஒரு கேமரா: இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியை அது நிறுத்துமா?

2012 மார்ச்சில் பிரிட்டன் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. பெட்ரோல் பங்க்குகளில் உள்ள கேமராக்களை அரசின் வாகனப் பதிவேட்டோடு இணைத்துவிடலாம் என்று அரசு யோசிக்கிறது. வண்டி உள்ளே நுழைந்ததும் கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். இன்ஷூரன்ஸ் இல்லை, அல்லது சாலை வரி கட்டவில்லை என்று பதிவேடு சொன்னால் அந்த வண்டிக்குப் பம்ப் இயங்காது.

கேமராக்கள் புதிதாக வைக்கப்பட வேண்டியவை அல்ல. அந்த நாட்டில் பெட்ரோல் போட ஆள் கிடையாது. வண்டியில் வருபவரே குழாயை எடுத்துப் போட்டுக்கொண்டு, பிறகு கடைக்குள் போய்ப் பணம் கட்டுவார். போட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடுபவர்களைப் பிடிப்பதற்காகப் பல பங்க்குகளில் நம்பர் பிளேட் படிக்கும் கேமராக்கள் ஏற்கெனவே இருந்தன. திருடனைப் பிடிக்க வைத்த கண்ணை இன்ஷூரன்ஸ் இல்லாதவரையும் பார்க்கச் சொல்வதுதான் யோசனை. அன்றைய மதிப்பீட்டின்படி பிரிட்டனில் 14 லட்சம் பேர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களால் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட, ஒழுங்காக பாலிசி எடுக்கும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 பவுண்ட் கூடுதலாகக் கட்டிவந்தார்கள்.

யோசனையின் கவர்ச்சி எளிதில் புரியும். போலீஸ் நிற்கும் தெருவைச் சுற்றிப் போகலாம், நெடுஞ்சாலையைத் தவிர்க்கலாம். பெட்ரோல் போடாமல் வண்டி ஓட்ட முடியாது. எல்லா வண்டியும் ஏதோ ஒரு நாள் வந்தே தீர வேண்டிய இடம் பங்க்தான்.

ஆனாலும் அந்தத் திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. 13 ஆண்டுகள் கழித்து, வேறொரு காரணத்துக்காக, அதே கருவியை டெல்லி கையிலெடுத்தது. அங்கே அது ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பங்க் கேமராவால் என்ன முடியும், என்ன முடியாது என்பது ஓரளவு தெளிவாகிறது. இந்தியாவில் இது அவசியமாகப் பேச வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன். நம் சாலைகளில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் இன்ஷூரன்ஸ் இல்லாதவை என்பது உச்ச நீதிமன்றம் வரை போன கணக்கு.

யாருக்காக இந்த இன்ஷூரன்ஸ்?

வண்டி இன்ஷூரன்ஸ் என்றதும் நம் வண்டிக்கு அடிபட்டால் பணம் கிடைக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சட்டம் கட்டாயம் ஆக்கியிருப்பது அதை அல்ல. தேர்ட் பார்ட்டி எனப்படும் மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. அந்த மூன்றாம் நபர் சாலையைக் கடந்துகொண்டிருந்தவர், சைக்கிளில் வந்தவர், எதிரே பைக்கில் வந்தவர். நம்மால் அவருக்குக் கால் போனால், உயிர் போனால், நம் கையில் காசு இல்லை என்பதற்காக அவர் குடும்பம் தெருவுக்கு வந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் சட்டம் நம்மைப் பிரீமியம் கட்டச் சொல்கிறது.

பிரிட்டன் 1930இல் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இதைக் கட்டாயமாக்கியது. சட்டம் போட்டும் எடுக்காதவர்கள் இருந்ததால், 1946இல் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து மோட்டார் காப்பீட்டாளர் பணியகம் என்ற பொது அமைப்பை உண்டாக்கின. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி மோதினாலும், மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், அடிபட்டவருக்கு அந்தப் பணியகம் பணம் கொடுக்கும். அந்த 30 பவுண்ட் போய்ச் சேரும் இடம் இதுதான்.

அதே 1946இல், ஜூலை 1 அன்று, 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலிருந்த கட்டாயக் காப்பீட்டுப் பகுதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கு அது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146ஆவது பிரிவு. கட்டாயத்தை அவர்களைப் போலவே ஆக்கிக்கொண்டோம். அந்தப் பணியகம் போன்ற ஒன்றை மட்டும் உருவாக்கவில்லை. மோதிவிட்டு ஓடும் வண்டிகளால் இறப்பவர் குடும்பத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 2 லட்சம் ரூபாய், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் என்று ஒரு திட்டம் இருக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு 7 நாள்களுக்குள் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை தரும் திட்டம் 2025 மே மாதம் வந்தது. ஆனால் வண்டி எது, ஓட்டியவர் யார் என்று தெரிந்து, அவரிடம் இன்ஷூரன்ஸ் மட்டும் இல்லையென்றால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எத்தனை லட்சம் கொடுக்கச் சொன்னாலும் அது வண்டிக்காரரின் தலையில்தான் விழும். பழைய ஸ்கூட்டர் ஒன்றைத் தவிரச் சொத்து எதுவும் இல்லாதவரிடமிருந்து அதை எப்படி வசூலிப்பது?

கேமரா பார்ப்பதும் பார்க்காததும்

நம்பர் பிளேட் படிக்கும் கேமராவே பிரிட்டனில் பிறந்ததுதான். 1976இல் அந்நாட்டுப் போலீஸ் அறிவியல் வளர்ச்சிப் பிரிவு அதை உருவாக்கியது. கேமரா பிளேட்டின் மீது அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும். பிளேட்டில் உள்ள பூச்சு அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும். படத்திலிருந்து எழுத்துகளையும் எண்களையும் மென்பொருள் பிரித்தெடுத்துப் பதிவேட்டில் தேடும். எல்லாம் ஒன்றிரண்டு நொடிகளில் முடிந்துவிடும். 2001 முதல் அங்கே புதிய பிளேட்டுகளில் எழுத்து வடிவம், அளவு, இடைவெளி எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று விதி உண்டு. கேமராவுக்கு இது பெரிய உதவி.

எனினும் கேமராவுக்குத் தெரிவது வண்டியின் எண் மட்டுமே. இன்ஷூரன்ஸ் உண்டா இல்லையா என்று சொல்வது பதிவேடு. பதிவேட்டில் தவறு இருந்தால் கேமரா எவ்வளவு துல்லியமாகப் படித்தும் பயனில்லை. காலையில் பாலிசி எடுத்தவரின் பெயர் பதிவேட்டில் ஏறச் சில நாள் ஆகலாம். அந்த இடைவெளியில் அவர் பங்க்குக்குப் போனால், பணம் கட்டியவருக்கே பெட்ரோல் மறுக்கப்படும். மறுபக்கம், வேறொருவரின் எண்ணைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டவர் நிம்மதியாக டேங்க்கை நிரப்பிக்கொண்டு போவார். பங்க்கில் கெடுபிடி கூடக் கூட இந்தப் போலி பிளேட்டுகளுக்குத் தேவையும் கூடும்.

பிரிட்டனுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே பாலிசி பெரும்பாலும் வண்டியையும் ஓட்டுபவரையும் சேர்த்தே பார்க்கும். அப்பாவின் காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும்; பாலிசியில் பெயர் இல்லாத மகன் அதை ஓட்டிவந்தால் அவன் இன்ஷூரன்ஸ் இல்லாத ஓட்டுநர்தான். கேமராவுக்கு இது தெரியவே தெரியாது. இந்தியாவில் பாலிசி வண்டியோடு ஒட்டியது. உரிமம் உள்ள யார் ஓட்டினாலும் செல்லும். ஆகவே எண்ணை மட்டும் பார்க்கும் கருவி பிரிட்டனைவிட இந்திய முறைக்குத்தான் சரியாகப் பொருந்துகிறது. டெல்லியில் நடந்ததை மட்டும் வைத்து இந்தக் கருவியை ஒதுக்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

2012இல் பிரிட்டனில் பலமாக எதிர்த்தவர்கள் பங்க் உரிமையாளர்கள். அவர்கள் சொன்னது தொழில்நுட்பக் குறையை அல்ல. பெட்ரோல் கிடையாது என்று அந்த ஆளிடம் சொல்லப்போவது யார்? இரவு நேரத்தில் கடைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் காசாளர்தான். கோபம் அவர்மேல்தான் பாயும். சட்டத்தை நிறைவேற்றுவது எங்கள் ஊழியரின் வேலை அல்ல என்றார்கள். என் பார்வையில் அந்த விவாதத்திலேயே மிக நியாயமான பேச்சு அதுதான்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 2005 முதல் இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியைச் சாலையிலேயே பறிமுதல் செய்யும் அதிகாரம் போலீசுக்கு இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அப்படிப் பிடிபடுகின்றன. 2011 ஜூனில் இன்னொரு விதி வந்தது. வண்டியை ஓட்டினால்தான் குற்றம் என்றில்லை, இன்ஷூரன்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே குற்றம். ஓட்டவில்லை என்றால் அதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இதனால் கேமராவே இல்லாமல், வாகனப் பதிவேட்டையும் காப்பீட்டுப் பதிவேட்டையும் கணினியில் ஒப்பிட்டு, விடுபட்டவர் வீட்டுக்குக் கடிதம் அனுப்ப முடிந்தது. பின்னாளில் போலீஸ் கேமராக்களில் சிக்கும் வண்டிகளின் உரிமையாளர்களுக்கும் இப்படி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பத் தொடங்கினார்கள். கடிதம் கண்டதும் பாலிசி எடுத்தவர்கள் கணிசமானோர். மறந்துபோனவரையும் வேண்டுமென்றே ஏய்ப்பவரையும் இது பிரித்துக் காட்டிவிடுகிறது. முதல் வகையினருக்கு ஒரு கடிதம் போதும். இரண்டாம் வகையினருக்குத்தான் போலீஸ் தேவை.

கண்ணுக்குத் தெரியாத கேமரா யாரையும் தடுக்காது என்பதற்கும் பிரிட்டனிலேயே ஒரு பாடம் உண்டு. சாலை வரி கட்டியதற்கு அடையாளமாகக் கார் கண்ணாடியில் ஒட்டும் வட்டக் காகிதம் அங்கே 1921 முதல் வழக்கில் இருந்தது. கேமராக்களே சரிபார்த்துக்கொள்ளும், காகிதம் எதற்கு என்று 2014 அக்டோபரில் அதை நிறுத்தினார்கள். 2013இல் வரி கட்டாத வண்டிகள் 0.6 சதவீதம். 2015இல் அது 1.4 சதவீதம் ஆனது, 2017இல் 1.8. வண்டி கைமாறும்போது வரியும் கூடவே மாறும் பழைய வசதியை அதே நேரத்தில் எடுத்துவிட்டதும் ஒரு காரணம்தான். ஆனாலும் தினமும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த அந்தச் சிறு காகிதம் எத்தனை பேருக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. பங்க் கேமராவின் உண்மையான பலமும் இதில்தான் இருக்கிறது. மாதத்துக்கு மூன்று நான்கு முறை அதன் முன்னால் போய் நின்றாக வேண்டும்.

டெல்லியின் அந்தச் சில நாள்கள்

2025 ஜூலை 1 அன்று டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கும் எரிபொருள் கிடையாது என்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தது. போட்டது காற்றுத்தர மேலாண்மை ஆணையம். நோக்கம் மாசைக் குறைப்பது. இன்ஷூரன்ஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் கருவி அதேதான். நகரில் ஏறத்தாழ 500 பங்க்குகளில் கேமராக்கள் வைக்கப்பட்டன. காலாவதியான வண்டி வந்தால் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும், ஊழியர் பெட்ரோல் போடக் கூடாது, அதிகாரிகள் வண்டியைப் பிடிப்பார்கள்.

ஜூலை 3ஆம் தேதியே டெல்லி சுற்றுச்சூழல் அமைச்சர் மஞ்சிந்தர் சிங் சிர்சா, உத்தரவை நிறுத்திவைக்கும்படி ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார். கேமராக்கள் சரியான இடத்தில் இல்லை, உணர்கருவிகள் வேலை செய்யவில்லை, ஒலிபெருக்கிகள் பழுது, பக்கத்து மாநிலப் பதிவேடுகளோடு இணைப்பு முழுமையாகவில்லை, உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் இல்லாத வண்டிகளைப் படிக்க முடியவில்லை என்று குறைகளை அடுக்கினார். டெல்லியில் மறுத்தால் குர்கானிலோ நொய்டாவிலோ போட்டுக்கொள்ளலாம் என்பது இன்னொரு ஓட்டை. ஜூலை 8 அன்று உத்தரவு நவம்பர் 1க்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள்மேல் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதற்கிடையில் டெல்லி பெட்ரோல் விற்பனையாளர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார்கள். தவறுதலாகப் பெட்ரோல் போட்டுவிட்டால் எங்கள்மேல் வழக்கா, சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் எங்களுக்கு யார் கொடுத்தது என்பது அவர்கள் கேள்வி. 2012இல் பிரிட்டன் பங்க்காரர்கள் கேட்டதும் இதையேதான். அங்கே ஒரு காசாளர். இங்கே வெயிலில் நின்று குழாயைப் பிடித்திருக்கும் ஊழியர். சுற்றிலும் பத்து பைக்குகள் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்கும்போது, உனக்குப் போட மாட்டேன் என்று ஒருவரிடம் அவர் சொல்ல வேண்டும்.

டெல்லி முயற்சி சரிந்ததில் இதைவிட ஆழமான காரணம் ஒன்றும் இருக்கிறது. 15 ஆண்டான வண்டியின் உரிமையாளர் பங்க்கிலிருந்து திரும்பிப் போய் அந்தக் குறையைச் சரிசெய்ய முடியாது. வண்டிக்கு வயதைக் குறைக்கவா முடியும்? இன்ஷூரன்ஸ் அப்படியல்ல. கைப்பேசியில் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். அதே ஆண்டு டிசம்பரில், புகைச் சான்றிதழ் இல்லாத வண்டிக்குப் பெட்ரோல் கிடையாது என்று டெல்லி அறிவித்தபோது, சோதனை நிலையங்களில் நீண்ட வரிசை நின்றது. சரிசெய்துகொள்ளக்கூடிய குறை என்றால் ஜனங்கள் சரிசெய்துகொள்ளத்தான் போகிறார்கள்.

ஒன்றை இன்னொன்றோடு முடிச்சுப் போடுவதில் ஆபத்தும் உண்டு. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், புகைச் சான்றிதழ் இல்லாத வண்டிக்கு இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. நோக்கம் நல்லது. ஆனால் புகைச் சான்றிதழ் எடுக்காதவர்கள் இன்ஷூரன்ஸும் இல்லாமல் ஓட்டுவதற்கு அது வழிவிட்டது. ஏறத்தாழ 55 சதவீத வண்டிகளுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை, விபத்தில் சிக்குபவர்கள் இழப்பீடு கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று காப்பீட்டு நிறுவனங்களின் தரப்பு முறையிட்டது. 2024 ஜூலையில் நீதிமன்றமே அந்த நிபந்தனையை நீக்கியது.

டோல்கேட்டுக்கு வராதவர்கள்

இந்தியாவில் இன்ஷூரன்ஸ் இல்லாதவற்றில் பெரும்பகுதி இரு சக்கர வாகனங்கள். பிரிட்டனில் விலைதான் பெரிய காரணம். புதிதாக உரிமம் வாங்கிய இளைஞருக்கு ஆண்டுப் பிரீமியம் ஆயிரம் பவுண்டைத் தாண்டும், பிடிபட்டால் அபராதமோ 300 பவுண்ட்தான். 2013 வரை அதுவும் 200. கூடவே உரிமத்தில் 6 தண்டப் புள்ளிகள் ஏறும் என்றாலும், ஏய்ப்பதே லாபம் என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். இங்கே கதை வேறு. ஷோரூமில் வண்டியோடு சேர்த்து ஒரு பாலிசி கொடுத்துவிடுகிறார்கள். அது முடிந்த பிறகு புதுப்பிப்பதற்கு நினைவூட்ட யாரும் இல்லை. வண்டி இரண்டு கை மாறியிருக்கும், ஆர்.சி. புக்கில் பழைய பெயரே இருக்கும், நினைவூட்டல் குறுஞ்செய்தி பழைய உரிமையாளரின் எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இதைச் சரிசெய்யும் முயற்சியில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரின் பங்கு உண்டு. கோயம்புத்தூர் எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்பு பற்றி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். நொறுங்கிய கால்களோடு வருபவர்களை ஒவ்வொரு நாளும் பார்க்கும் மருத்துவர் அவர். அந்த வழக்கில்தான் 2018 ஜூலையில் உத்தரவு வந்தது: செப்டம்பர் 1 முதல் விற்கும் புதிய காருக்கு 3 ஆண்டுக்கும் இரு சக்கர வாகனத்துக்கு 5 ஆண்டுக்கும் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸை விற்கும்போதே போட்டுவிட வேண்டும். நல்ல மாற்றம். ஆனால் அந்த 5 ஆண்டுகள் முடிந்த வண்டிகள் பல இப்போதே சாலையில் ஓடுகின்றன. மறதி ஆறாம் ஆண்டில் தொடங்கும்.

ஒடிசாவில் 2024 பிப்ரவரி முதல் டோல்கேட் கேமராக்கள் வழியாக இன்ஷூரன்ஸைச் சரிபார்த்து இ-சலான் அனுப்பும் முறை வந்தது. லாரிக்கும் காருக்கும் இது போதும். பைக் சுங்கச்சாவடியில் பணம் கட்டுவதில்லை. ஓரத்துச் சந்தில் புகுந்து போய்விடும். ஊருக்குள்ளேயே ஓடும் ஸ்கூட்டர் டோல்கேட்டைப் பார்த்திருக்கவே பார்த்திருக்காது. அப்படிப்பட்ட வண்டியும் தவறாமல் வரும் இடம் மறுபடியும் பங்க்தான்.

எனவே பங்க் கேமரா வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் அது பெட்ரோலை நிறுத்தக் கூடாது. எண்ணைப் படிக்கட்டும், பதிவேட்டில் தேடட்டும், இன்ஷூரன்ஸ் முடிந்திருந்தால் பில் போடும் கருவியிலோ ஒரு சிறு திரையிலோ 'இந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை, 15 நாள் அவகாசம்' என்று காட்டட்டும். உரிமையாளருக்குக் குறுஞ்செய்தி போகட்டும். கெடு தாண்டியும் எடுக்காவிட்டால் 196ஆவது பிரிவின்படி முதல் முறைக்கு 2,000 ரூபாய், அடுத்த முறைக்கு 4,000 ரூபாய் என்று சலான் வீட்டுக்குப் போகட்டும். குழாய் பிடிக்கும் ஊழியர் யாரோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பதிவேடு தவறாக இருந்தால் ஒரு குறுஞ்செய்தி வீணாகும், அவ்வளவுதான். அவசரமாக மருத்துவமனைக்குப் போகிறவர் நடுவழியில் நிற்க மாட்டார். இன்ஷூரன்ஸ் இல்லாத எண்கள் தவிர மற்றவை உடனே அழிக்கப்பட வேண்டும் என்பதையும் விதியிலேயே எழுத வேண்டும். யார் எந்த ஊரில் எப்போது பெட்ரோல் போட்டார் என்ற கணக்கு அரசுக்குத் தேவையில்லாதது.

அதற்கு முன் செய்ய வேண்டிய அலுப்பூட்டும் வேலையும் இருக்கிறது. 'வாகன்' எனப்படும் அரசின் வாகனப் பதிவேட்டில் எப்போதோ காயலான் கடைக்குப் போன வண்டிகளும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அதனால் அந்த 55 சதவீதம்கூடச் சற்று ஊதிய எண்ணாக இருக்கலாம். 2019 ஏப்ரலுக்கு முன் பதிவான வண்டிகள் பலவற்றில் உயர் பாதுகாப்பு பிளேட் இல்லை, இன்னும் பழைய பிளேட்தான். பைக்குகளிலோ எழுத்து வளைந்தும் நெளிந்தும், சிலவற்றில் முன் பிளேட்டே இல்லாமலும் இருக்கும். பங்க்கில் கார் போல ஒரே கோட்டில் பைக்குகள் நிற்பதும் இல்லை. டெல்லி இந்த வேலைகளை முடிக்காமலே தேதியை அறிவித்தது.

2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஓர் உத்தரவு போட்டது. விபத்தில் சிக்கிய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை, உரிமையாளர் ஈட்டுத்தொகையும் கட்டவில்லை என்றால், அந்த வண்டியை ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். அடிபட்டவருக்கு அதிலிருந்து கொடுக்கலாம். காவல் நிலைய வாசலில் மழையில் நனைந்து துருப்பிடித்த பைக் ஒன்று ஏலத்தில் என்ன விலைக்குப் போகும் என்று நமக்குத் தெரியும். சம்பாதித்த ஆளை இழந்த வீட்டுக்கு வந்து சேர்வது அந்தப் பணம்தான். 75 முதல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கு 2022 ஜூனில் நிர்ணயிக்கப்பட்ட தேர்ட் பார்ட்டி கட்டணம் ஆண்டுக்கு 714 ரூபாய். வரியோடு சேர்த்து 843 ரூபாய்க்குள். அந்த பைக்கின் டேங்க்கை ஒரு முறை நிரப்ப ஆயிரம் ரூபாய் ஆகிறது.